மேலதிகாரியின் கிருமி

கட்டுமான இடத்தில் எல்லோரும் அவரை மேலதிகாரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர் என்பதால் வந்த பெயர் அது. யாரோ கிண்டலாக ஆரம்பித்தது, நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு. கீழே தொப்பி போட்ட என்ஜினீயர்கள் எத்தனை பேர் நின்று கத்தினாலும், கம்பிக் கட்டு எந்த இடத்தில் இறங்கும் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது அவருடைய இடது கைதான்.

அப்பேர்ப்பட்ட மனிதரை மூன்று வருஷமாக ஒரு கிருமி ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது.

அதுவும் எங்கே? சொல்லவே வாய் கூசும் இடத்தில். மூத்திரப் பைக்கு அடியில், பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சுரப்பி ஆண்களுக்கு இருக்கிறதாம், புராஸ்டேட் என்று பெயராம். இத்தனை வயது வரை அப்படி ஒன்றைத் தான் சுமந்துகொண்டு திரிவதே அவருக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து வேறு எதையும் நினைக்க அது விடவில்லை. உட்கார்ந்தால் அடியில் கனல். எழுந்தால் இடுப்பில் இழுப்பு. போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி முட்டும். ஓடிப் போய் நின்றால் நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. கூண்டில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்வது எல்லாக் கிரேன்காரர்களும் செய்வதுதான், அதற்காக ஏணியில் இறங்கி ஏறிக்கொண்டிருக்க முடியாது. இவர் வரிசையாக மூன்று பாட்டில் வைத்திருந்தார்.

வலியைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் 'நார்மல்' என்று வந்ததே, அதுதான் அவர் உயிரை வாங்கியது. ஒரு டாக்டர், கிருமியே இல்லை, எல்லாம் மனசுதான் என்றார். இன்னொருவர் தினமும் நடக்கச் சொன்னார். ஏணியில் நாள்தோறும் வானத்துக்கு ஏறி இறங்குகிறவனைப் பார்த்து நடக்கச் சொல்லுகிறாரே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எரியுதுன்னு சொல்றேன், ஒண்ணும் இல்லைங்கறாங்க. அப்ப எரியறது யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்கா?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்துவார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது கேட்கும்.

இந்த லட்சணத்தில் அவருக்குக் கை கொடுத்த ஒரே ஆள் மச்சான். மனைவியின் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பவன், தங்கமான பையன். சீட்டு கீட்டு எல்லாம் கேட்க மாட்டான். "இந்தாங்க மாமா, இது கொஞ்சம் ஸ்ட்ராங். ஒரு வாரம் போடுங்க" என்று எடுத்துக் கொடுப்பான். மூன்றாம் நாள் கனல் தணியும். தணிந்ததும் மேலதிகாரி மாத்திரையை நிறுத்திவிடுவார், மிச்சம் அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். ஒரு மாதம் நிம்மதி. பிறகு மறுபடி கனல், மறுபடி மச்சான், இதைவிட ஸ்ட்ராங்காக வேறொன்று. டப்பா நிறைந்துகொண்டே வந்தது. வியாதி மட்டும் போன பாடில்லை.

கடைசியில் யாரோ சொல்லி, மூத்திரக் கோளாறுகளுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் போனார். போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது பெண் டாக்டர். திரும்பிவிடலாம் என்று பார்த்தார், மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள். முரண்டு பிடிக்கிறவர்களை உட்காரவைப்பது அவளுக்குத் தினசரி வேலை.

டாக்டர் பழைய முடிவுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டெஸ்டுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா சார்?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

"இல்லையா?" என்று மனைவி ஆச்சரியமாகத் திரும்பினாள். "டெஸ்டுன்னா ரெண்டு நாள் முன்னாடியே மஞ்சள் கேப்ஸ்யூலைப் போட்டு நல்லா சுத்தம் பண்ணிட்டுத்தான் போவாரு டாக்டர். அந்த விஷயத்துல மட்டும் ரொம்ப ஒழுங்கு."

கணவனுக்கு நற்சான்று கொடுத்த திருப்தி அவள் குரலில் இருந்தது. டாக்டரின் கை நின்றுவிட்டது.

"சுத்தமா?"

மேலதிகாரிக்கு இதில் என்ன தப்பு என்றே புரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் உடல் தகுதிப் பரிசோதனை உண்டு என்றார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூத்திரத்தில் சீழ் அணுக்கள் என்று வந்து, இன்னொரு தடவை வந்தால் கூண்டைவிட்டு இறங்க வேண்டியதுதான் என்று எச்சரித்துவிட்டார்கள். அதிலிருந்து எந்தப் பரிசோதனை என்றாலும் டப்பாவைத் திறந்து, சுத்தம் செய்துகொண்டுதான் போவது. "டெஸ்டுன்னா பாஸ் பண்ண வேண்டாமா டாக்டர்?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், வீட்டுல திருடன்னு போலீஸைக் கூப்பிடறீங்க. அவங்க வர்ற நேரம் பாத்து நீங்களே திருடனை அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சுடறீங்க. அப்புறம் போலீஸ் சரியில்லைன்னு திட்டறீங்க."

"நானா ஒளிச்சேன்?"

"அந்த மஞ்சள் கேப்ஸ்யூல் மூத்திரத்துல மட்டும்தான் வேலை செய்யும். அந்தச் சுரப்பிக்குள்ள அதால நுழையவே முடியாது. வயித்துல சாதுவா இருக்கற கிருமிதான் பெரும்பாலும் இடம் மாறி அங்க போய் உக்காந்துக்கும். உள்ள அது சௌக்கியமா இருக்கு. வெளிய வர்ற மூத்திரத்தை மட்டும் நீங்க கழுவிக் கொண்டாந்து காட்டிட்டு இருந்திருக்கீங்க." பிறகு மச்சானின் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் குரல் ஏறியது. "மூணு நாள்ல நிறுத்தினா நோஞ்சான் கிருமிதான் சாகும். முரட்டுக் கிருமி பொழைச்சுக்கும், அதோட பிள்ளைகுட்டி எல்லாம் முரடாப் பொறக்கும். ஒவ்வொரு மாத்திரையா அதுக்கு அறிமுகம் பண்ணி வெச்சிருக்கீங்க. இப்ப எதுக்குச் சாகும், எதுக்குச் சாகாதுன்னு எனக்கே தெரியாது."

வழி ஒன்றுதான் என்றார் டாக்டர். பத்து நாள் எந்த மாத்திரையும் தொடக் கூடாது. பிறகு டாக்டரே விரலால் அந்தச் சுரப்பியை அழுத்திவிடுவார். அதன்பின் வரும் முதல் மூத்திரத்தை எடுத்து, கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்துகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

"அது வளரணும் சார். இந்த டெஸ்டுல நீங்க ஃபெயில் ஆனாத்தான் எனக்கு வழி தெரியும்."

விரல் எந்த வழியாகப் போகும் என்பது மேலதிகாரிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதைவிடப் பெரிய இடி வெளியே வந்து தேதியைப் பார்த்தபோது விழுந்தது. பத்தாம் நாள் சாயங்காலம் டாக்டர். அதே நாள் காலையில் கம்பெனியின் தகுதிப் பரிசோதனை.

வீட்டில் அன்று பெரிய ரகளை. டாக்டரைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், நெல்லிக்காயைத் திட்டினார். கேப்ஸ்யூல் போட்டால் கூண்டு தங்கும், கிருமியும் தங்கும். போடாவிட்டால் கிருமி அகப்படும், கூண்டு போகும். கீழே இறக்கப்பட்ட கிரேன்காரனை மறுபடி மேலே ஏற்றியதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஏறுவதற்கு ஒரு சின்னப் பையன் எப்போதும் தயாராக நிற்பான்.

"இறக்கிட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"இறக்கட்டும். எனக்கு இந்தக் கனல் தாங்கல. மூணு வருஷம் ஆச்சு. நான் ஒரு மனுஷனா உக்காந்து சாப்பிட்டே மூணு வருஷம் ஆச்சு." கோபமாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. எழுந்து போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். "இந்தச் சனியனை எங்கயாவது கொண்டு போய்க் கொட்டு."

"நான் பாத்துக்கறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

பத்து நாளையும் அவர் எப்படித் தள்ளினார் என்பது அவருக்கும் அந்தக் கூண்டுக்கும்தான் தெரியும். பஞ்சு மெத்தை, அதன்மேல் துண்டு, துண்டின்மேல் இன்னொரு துண்டு. கீழே இருந்து வாக்கிடாக்கியில் "ரைட், இறக்கு" என்று சொன்னால், "இருடா, வர்றேன்" என்று பாட்டிலைத் தேடுவார். சொல்கிறவன் சும்மா இருக்கிறானா? "மேலதிகாரி, மழையா அங்க?" என்பான். வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொள்வார்.

கடைசி மூன்று நாள் காபி வேறு வாயில் வைக்க முடியாமல் கசந்தது.

"என்ன கருமம் இது?"

"புதுத் தூளுங்க. சர்க்கரை போடட்டுமா இன்னும்?"

காபித்தூள் விற்கிறவனையும் சேர்த்துத் திட்டிவிட்டு மடக்கென்று குடித்தார். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போயிற்று. கண்ணாடிக் கூண்டு, கொளுத்தும் வெயில், தண்ணீர் குடிக்கவே பயம், பின்னே எப்படிப் போகும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

பத்தாம் நாள் காலையில், வெட்டப் போகிற ஆடு மாதிரித்தான் கம்பெனி டாக்டர் முன்னால் போய் நின்றார். முடிவு வந்தது. சீழ் அணுக்கள் இல்லை. தகுதி உண்டு. மேலதிகாரி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒன்றும் புரியவில்லை, ஆனால் புரிந்துகொள்ள அவசரமும் இல்லை. ஏணியில் ஏறும்போது சீட்டி அடித்தார். கிருமிக்கும் கொஞ்சம் மனசாட்சி இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நடந்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, நாமும் விட்டுவிடலாம். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குப்பியை நீட்டினார், அவர் திரையின் பின்னால் போய்க் கொடுத்தார், சுவரைப் பார்த்தபடியே வெளியே வந்தார், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஒண்ணுமே வளரல."

"அதெப்படி டாக்டர்?"

"நான்தான் கேக்கணும். ஏன் சார் என் நேரத்தையும் உங்க நேரத்தையும் வீணாக்கறீங்க? கேப்ஸ்யூல் போட்டீங்கதானே?"

"சத்தியமா இல்ல டாக்டர்! பத்து நாள் நெருப்பு மேல உக்காந்திருந்தேன்!"

"குப்பியைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்த மஞ்சள் வெயில்ல வர்ற மஞ்சள் இல்ல. அந்த கேப்ஸ்யூல் போட்டா வர்ற மஞ்சள்."

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லி நம்பவைத்த மனிதர் அவர். உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. முகம் சிவக்க வெளியே வந்து, கால் போன போக்கில் நடந்தார். மனைவியிடம் சொல்லிக் கத்தினால்தான் ஆறும் என்று தோன்றியது. காப்பகம் பக்கத்தில்தான்.

உள்ளே திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். தரை முழுக்கச் சின்னச் சின்ன மெத்தைகள், குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாண்டு மட்டும் தூங்காமல் இவர் மனைவியின் மடியில் உட்கார்ந்து, மருந்து வேண்டாம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. அவள் வற்புறுத்தவே இல்லை. மருந்துக் குப்பியை அது பார்க்க மூடி அலமாரியில் வைத்தாள். "மருந்து போயே போச்சு. வாழைப்பழம் மட்டும் சாப்பிடுவோமா?" என்றாள். முதுகுக்குப் பின்னால் இருந்த கிண்ணத்தில், நசுக்கிய பழத்தோடு நசுக்கிய மாத்திரை ஏற்கெனவே கலந்திருந்தது. வாண்டு வாயைத் திறந்தது. "கசக்குது" என்றது. "புதுப் பழம்டா கண்ணா, அப்படித்தான் இருக்கும். சர்க்கரை போடட்டுமா?" என்றாள் அவள்.

வாசலில் நின்ற மேலதிகாரிக்கு நாக்கில் அந்தக் காபி கசந்தது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாண்டைப் படுக்கவைத்துவிட்டு எழுந்து வந்தாள். அத்தனை குழந்தைகள் தூங்கும் அறையில், அவர்கள் கல்யாண வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டை கிசுகிசுப்பாக நடந்தது.

"கேப்ஸ்யூலைப் பிரிச்சுக் காபில கொட்டினியா?"

"மெதுவா பேசுங்க."

"கொட்டினியா?"

"கம்பெனி டெஸ்ட் வரைக்கும்தாங்க போட்டேன். மூணே நாள். சாயங்காலம் டாக்டர் கிட்டப் போறதுக்கு நான் ஒண்ணுமே போடலையே!"

"காலைல போட்டது சாயங்காலம் இருக்காதா? உனக்கு மூளை இருக்கா?" அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பத்து நாள்டி. வலியைப் பொறுத்துக்கிட்டுப் பத்து நாள் இருந்தேன். அந்த அம்மா என்னைப் பொய்க்காரன்னு சொல்லி அனுப்புது."

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கிரேன் பழுதாகி ரெண்டு வாரம் வீட்டுல இருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப வீட்டுல இருந்தது நீங்களா? ஜன்னலைப் பாத்து உக்காந்திருந்தீங்க. கூப்பிட்டாத் திரும்பல. அதை நிரந்தரமா என்னால பாக்க முடியாதுங்க." அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் விடவில்லை. "மூணு வருஷமா எரியுது எரியுதுன்னு உங்க எரிச்சலை எல்லாம் யாரு வாங்கிக்கறது? நான்தானே? எனக்கு மட்டும் உங்களுக்குச் சரியாக வேண்டாம்னு ஆசையா? கூண்டும் இருக்கட்டும், நீங்களும் இருங்கன்னுதான் நெனைச்சேன்."

அவருக்கு ஒரு பதில் தயாராக இருந்தது, நல்ல காரமான பதில். அதற்குள் மூலையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைத் தட்டிக் கொடுக்கப் போனாள். அவர் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இருந்தது, ஆனால் அதைக் கொட்ட இடம் இல்லை. இவளைத் திட்டி என்ன? கூண்டு இருக்கிற வரைக்கும் இவள் அதைக் காப்பாற்றப் பார்ப்பாள், மச்சான் கொடுப்பான், நானும் ஒரு நாள் வாயைத் திறப்பேன் என்று நினைத்தார்.

மறுநாள் ஏணியில் ஏறாமல் நேராகச் சூப்பர்வைசரின் அறைக்குப் போனார்.

"என்னைக் கீழ இறக்கிடுங்க."

"ஏன்? இப்பதானே உங்க தகுதிச் சீட்டு வந்துச்சு?"

"அது என் தகுதி இல்ல, என் வீட்டுக்காரியோட தகுதி. எனக்குப் புராஸ்டேட்ல கிருமி." மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை முதல் தடவையாக உரக்கச் சொன்னார்.

"சரி... குணமாகிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அந்தப் 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அன்றே ஒரு சின்னப் பையன் ஏணியில் ஏறினான். மேலதிகாரியின் கையில் வாக்கிடாக்கியைக் கொடுத்து, கீழே நின்று "ரைட்" சொல்லச் சொன்னார்கள். பையன் கொக்கியை வெடுக் வெடுக்கென்று இழுக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை எல்லாம் வாக்கிடாக்கியில் கொட்டினார். ஒரே ஆறுதல், கழிப்பறை பத்தடியில் இருந்தது.

வீட்டில் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தார். மனைவி போட்டு வைத்த காபி தினமும் மேடையிலேயே ஆறிப் போய்க் கிடந்தது, தினமும் அவள் போட்டாள். மச்சான் ஒரு நாள், "மாமா, புதுசா ஒண்ணு வந்திருக்கு, சும்மா பிச்சுக்கும்" என்று வந்தான். அவனோடு சேர்த்துப் பிஸ்கட் டப்பாவையும் வாசல்வரை கொண்டு போய் விட்டார். அவன் கோபித்துக்கொண்டு போனான். போகட்டும், மாமா என்று கூப்பிடாமல் இருக்க முடியாது, வருவான்.

மறுபடி பத்து நாள். டாக்டர் முதலில் முடியாது என்றார். "நான் கிரேன்லேர்ந்து இறங்கிட்டேன் டாக்டர். இனிமே பாஸ் பண்ண எனக்கு எந்தப் பரீட்சையும் இல்ல" என்ற பிறகுதான் கையுறையை மாட்டினார்.

இந்தத் தடவை டாக்டரே வாசலுக்கு வந்தார்.

"வளர்ந்திருக்கு சார்! தட்டு நிறைய!"

பரீட்சையில் தோற்றதற்காக ஒரு மனிதன் அழுவதுண்டு. மேலதிகாரி தோற்றுவிட்ட சந்தோஷத்தில் அழுதார். மூன்று வருஷமாக அவர் பைத்தியம் இல்லை, பொய்க்காரரும் இல்லை. தட்டில் சாட்சி இருந்தது.

டாக்டர் அவரை உட்காரவைத்தார். அடுத்துச் சொன்னது அவ்வளவு நல்லதாக இல்லை. மச்சான் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றுக்குக்கூட அந்தக் கிருமி அசையவில்லை. மஞ்சள் கேப்ஸ்யூலுக்குச் சாகிறது, ஆனால் அது சுரப்பிக்குள் போகாது. வீட்டில் இருந்தபடி சாப்பிடக்கூடிய மருந்து என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒரு பொடி.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள், தண்ணில கலக்கிக் குடிக்கணும். பல வாரம் ஆகும். முதல் வாரத்துலயே உங்களுக்கு நல்லாயிடும். அங்கதான் ஆபத்து. நிறுத்திட்டீங்கன்னா இந்தப் பொடியும் கையை விரிச்சுடும். அப்புறம் ஆஸ்பத்திரில படுத்து ஊசிதான். அதுவும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். மேடையில் அவள் போட்ட காபி இருந்தது. ஆறவில்லை, ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுத்து, நின்றபடியே முழுதும் குடித்து முடித்தார். கசக்கவில்லை. அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பாமல் நின்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"என்னதிது?"

"கடைசி மருந்து. தண்ணில கலக்கணும். நீயே கலக்கு. அதுல உன்னை அடிச்சுக்க ஆள் இல்லையே."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டலா, கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான். கையைத் துடைத்துக்கொண்டு, தம்ளரில் தண்ணீர் எடுத்து, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினாள். கரண்டி தம்ளரில் மோதிச் சத்தம் போட்டது. அவர் வாங்கிக் குடித்தார்.

"எத்தனை நாளைக்குங்க?"

"டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும்." அவர் தம்ளரை வைத்தார். "இந்தா, நல்லாக் கேட்டுக்கோ. கொஞ்ச நாள்ல எனக்குச் சரியாயிடும். சரியாயிடுச்சு, போதும், மிச்சத்தை எடுத்து வைன்னு நான் சொல்லுவேன். கத்துவேன். என் பேச்சைக் கேக்காத."

அவள் தம்ளரை எடுத்துக் கழுவப் போட்டாள்.

"உங்க பேச்சை நான் எப்பங்க கேட்டேன்?" என்றாள்.